இரட்டைக் கொட்டைக் குளவி

நசீம் பானு அந்த ஆண் குளவியைத் தன் கையாலேயே நசுக்கினாள். நசுக்கியது அவளுக்கே தெரியவில்லை.

கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோரத்து மைக்ராஸ்கோப்பின் மேல் அவள் குனிந்திருந்தாள். மதியத்துக்கு மேல் வகுப்பு கிடையாது. எறும்பைப் போலிருந்த அந்தக் கறுப்புக் குளவியின் தலையை ஊசிமுனையால் திருப்பி வைத்து, உணர்கொம்பில் எத்தனை கணுக்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையில் தவளைகளை ஜாடிக்குள் அடுக்கிக்கொண்டிருந்த சாரதாமணி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவள் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர், தற்காலிக வேலை. நசீமைவிட ஓரிரு வயது இளையவள்.

“மேடம், நானும் ஒருக்கா பாக்கட்டுங்களா?”

நசீம் தலையை விலக்கினாள். சாரதாமணி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

“நீங்க எதைங்க எண்ணிட்டு இருந்தீங்க?”

“கொம்புக் கணுவை.”

“மேடம்... இது தலை இல்லீங்க. கண்ணாடியில சிந்துன இந்தியன் இங்க்குங்க. பூச்சி உங்க ஊசிக்கு அடியில கெடக்குதுங்க. தலை போயிருச்சுங்க.”

நசீம் ஊசியைக் கீழே வைத்தாள். அவளிடம் இருந்த ஒரே ஆண் அது.

அந்த வகைக் குளவி அவளுக்கு முதலில் கிடைத்தது முந்தைய பருத்திப் பருவத்தில். அவள் கணவன் பாரூக் நான்கைந்து நிட்டிங் மெஷின்கள் வைத்து பனியன் துணி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய சொந்தக்காரர் ஒருவருக்கு ஜின்னிங் பாக்டரி இருந்தது. பஞ்சைப் பிரித்த பிறகு பருத்திக்கொட்டையை அங்கே மலைபோல் குவித்திருப்பார்கள். காய்ப்புழு கூடு கட்டும்போது இரண்டு கொட்டைகளைச் சேர்த்து ஒட்டி, அதற்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். அப்படி ஒட்டிய இரட்டைக் கொட்டைகளை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக நசீம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றைப் பிளந்தபோது உள்ளே புழு அசையாமல் கிடந்தது. அதன் முதுகில் முட்டைகள். பக்கத்தில் ஒரு பெண் குளவி. ஊசியால் தள்ளினாலும் முட்டைகளைவிட்டு அது நகரவில்லை. விரலை வைத்தாள், கொட்டியது.

புத்தகங்களில் இருந்த எதனோடும் அது பொருந்தவில்லை. கல்கத்தாவில் இருந்த குளவி நிபுணருக்கு இரண்டு பெண் குளவிகளையும் தான் வரைந்த படங்களையும் அனுப்பி வைத்தாள். இதுவரை யாரும் விவரிக்காத இனமாக இருக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். ஆணும் சரியான படங்களும் வேண்டும், விவரிப்பை நீங்களே எழுதுங்கள், நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். அந்த முட்டைகளிலிருந்து அவள் வளர்த்தவற்றில் ஆண் ஒன்றே ஒன்றுதான் தேறியது. உணர்கொம்பில் பதின்மூன்று கணுக்கள் இருப்பதாக நசீம் எண்ணியிருந்தாள். இறக்கை நரம்புகளோடு சேர்த்துப் பார்த்தால் அது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே. அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மாதங்களில்தான் கண் போகத் தொடங்கியது. முதலில் எழுத்துகள் வளைந்தன. பிறகு பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு வந்து உட்கார்ந்தது. எதை உற்றுப் பார்த்தாலும் பார்த்த பொருள் மறைந்தது, சுற்றியிருப்பது மட்டும் தெரிந்தது. அதனால் அவளால் நடக்க முடிந்தது, பஸ் ஏற முடிந்தது, பாடம் எடுக்க முடிந்தது. பாடம் அவளுக்கு மனப்பாடம். விடைத்தாள்களைத்தான் திருத்த முடியவில்லை. கோயமுத்தூர் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

“விழித்திரையோட நடுப்பகுதி தேயுதும்மா. கண்ணாடி போட்டுப் பிரயோசனமில்ல. ஆபரேஷனும் கிடையாது.”

“முழுசா போயிருங்களா?”

“நடமாட்டத்துக்கு இருக்கும். ஆனா படிக்கிறது, எழுதுறது, இந்த மைக்ராஸ்கோப் வேலையெல்லாம்... வேற வழி பாத்துக்குங்க.”

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாரூக்கிடம் சாதாரணத் தலைவலி என்றாள். ஒன்றை மட்டும் முடித்துவிட வேண்டும், இந்த ஒன்றை மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தினமும் மைக்ராஸ்கோப்பின் முன் போய் உட்கார்ந்தாள்.

இப்போது சாரதாமணிக்குத் தெரிந்துவிட்டது.

“எவ்வளவு நாளா மேடம் இப்படி?”

“யார்கிட்டயும் சொல்லிராதீங்க.” நசீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். இதை மட்டும் முடிச்சுக்கறேன்.”

சாரதாமணி ஊசிக்கடியில் நசுங்கிக் கிடந்ததை மறுபடி பார்த்தாள். நசீமின் இடம் காலியானால் அது தனக்குத்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும், நசீமுக்கும் தெரியும். நல்லூரில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தவள் அவள். தற்காலிக வேலை என்றைக்கு வேண்டுமானாலும் போகும்.

“இன்னொரு ஆண் வேணுமுங்களே. அதுக்கு என்ன பண்றது?” என்றாள் கடைசியில்.

மறுநாளே இருவரும் ஜின்னிங் பாக்டரிக்குப் போனார்கள். களம் பெருக்கிக் கிடந்தது. கொட்டை முழுவதும் எருமைத் தீனிக்காக ஊத்துக்குளிக்குப் போய்விட்டது என்றார் கணக்குப்பிள்ளை. வயல்களிலும் காய்த்து முடிந்த பருத்திமாரைப் பிடுங்கி எரித்துவிட்டார்கள். அடுத்த பருவம் வரை காத்திருக்க நசீமுக்குக் கண் இல்லை. கொட்டையை வாங்கியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்தே ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

தெய்வாத்தாளின் தோட்டம் ஊத்துக்குளி ஸ்டேஷனிலிருந்து வெகுதூரம். எருமைகள் கட்டியிருந்த கொட்டகையில் அவள் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து, ஊறிய பருத்திக்கொட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பால் வழிந்தது.

“நிறுத்துங்கம்மா!” என்று நசீம் கத்திவிட்டாள்.

தெய்வாத்தாள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். “ஏனுங் அம்மிணி, என்னாச்சு? பூச்சி கீச்சி விழுந்திருச்சா?”

“பூச்சிதாங்க வேணும்,” என்றாள் சாரதாமணி.

விஷயத்தைக் கேட்டுத் தெய்வாத்தாள் சிரித்தாள். புழு விழுந்த கொட்டையைத் தேடிக்கொண்டு ரயிலேறி வந்தவர்களை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் நசீமின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஊறப்போடாத மூட்டை மூலையில் ஒன்று இருந்தது. அதைத் தூக்கி வந்து களத்தில் கொட்டினாள்.

“பொறுக்கிக்கோங்க. எருமைக்கு மிச்சத்த வெச்சாப் போதும்.”

வெயிலில் மூன்று பெண்களும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒட்டிய கொட்டையைத் தடவிப் பார்த்தாலே நசீமுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டே தேடினாள். விரல்கள் வேகமாக ஓடின. ஆனால் கிடைத்த கொட்டைகளைப் பிளந்தபோது பெரும்பாலும் வெற்றுக்கூடு, அல்லது காய்ந்த புழு, அல்லது உயிருள்ள வெறும் புழு. பொழுது சாயத் தொடங்கியபோது நசீம் களத்திலேயே நெற்றியைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை.

“மேடம், இங்க பாருங்க.” சாரதாமணியின் குரல் மாறியிருந்தது. “கூடு கூடா இருக்குதுங்க. பட்டுக்கூடு மாதிரி, குட்டி குட்டியா. புழு தோல் மட்டும் ஒட்டிட்டுக் கெடக்குது.”

குளவிக் கூட்டுப்புழுக்கள். ஒரே குடும்பம். நசீம் அந்தக் கொட்டையைப் பஞ்சு வைத்த கண்ணாடிக் குப்பிக்குள் போடச் சொன்னாள். திரும்பும் ரயிலில் குப்பியை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கூட்டம் இடித்தபோதெல்லாம் நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் போல ஆனது. குப்பியைத் திறக்காமல் இருவரும் பார்த்தபடி இருந்தார்கள். பார்த்தது சாரதாமணி, கேட்டுக்கொண்டிருந்தது நசீம். இந்தக் குளவிகளில் ஒரு கூட்டத்துக்கு ஆண் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதுதான் முதலில் வெளியே வரும். வந்தது. கல்லூரி வராந்தாவில் நசீமைத் தேடி ஓடிவந்து சாரதாமணி மூச்சு வாங்கச் சொன்னாள். நசீம் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் சாரதாமணி மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தாள், நசீம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். தலை அகலமா நீளமா, தாடையில் எத்தனை பல், முதுகில் குழி உண்டா. சாரதாமணி நிதானமாகச் சொன்னாள். தெரியாததைத் தெரியவில்லை என்றாள். கடைசியில் உணர்கொம்புக்கு வந்தார்கள்.

“பன்னெண்டுங்க.”

“பதிமூணு.”

“இல்லீங்க மேடம். பன்னெண்டுதானுங்க. ரெண்டு கொம்பும் பன்னெண்டு.”

“அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். சரியாப் பாருங்க.”

சாரதாமணி விளக்கை நகர்த்தி மறுபடி பார்த்தாள். பெண் குளவியை எடுத்து வைத்துப் பார்த்தாள். “பெண்ணுக்கும் பன்னெண்டுதாங்க.”

பன்னிரண்டு என்றால் புதுப் பேரினம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு பேரினத்துக்குள் அது போய் விழும். அங்கே நூறு இனங்கள் இருக்கின்றன. அவற்றில் எதனோடாவது ஒத்துப்போய்விட்டால் எல்லாமே போயிற்று.

“நான் கண்ணு நல்லா இருந்தப்ப எண்ணினது அது. நீ நேத்துத்தான் இந்தப் பூச்சியைப் பாத்தே. நான் போனா இந்த இடம் உனக்குன்னு கணக்குப் போட்டு என் வேலையைக் கெடுக்கறியா?”

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அதுவரை ஒரு தடவைகூட அவளை ‘நீ’ என்று சொன்னதில்லை.

சாரதாமணி எழுந்தாள். விளக்கை அணைத்தாள். ஸ்லைடைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடினாள். “உங்க பூச்சிங்க மேடம். நீங்களே எண்ணிக்கோங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

நசீம் எண்ண முயன்றாள். ஸ்லைடு எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஓரப்பார்வையில் தெரிந்தது. கண்ணை லென்ஸில் வைத்ததும் சாம்பல் பொட்டு. கண்ணைச் சாய்த்தாள், தலையைச் சாய்த்தாள், ஒரு கண்ணைக் கையால் பொத்தினாள். கறுப்பாக ஏதோ வந்து வந்து கரைந்தது. அன்று வீட்டுக்கு வந்தவள் முக்காட்டைக்கூட எடுக்காமல் சமையலறை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பாரூக் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான்.

“என்ன பானு?”

“எனக்குக் கண்ணு போயிருச்சுங்க.”

அவன் சொம்பைக் கீழே வைத்தான். ஆனால் ஆச்சரியப்படவில்லை. “என்னைக்குச் சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். போன வெள்ளிக்கிழமை எம் முகத்தப் பாத்துப் பேசாம எங் காதப் பாத்துப் பேசினே.”

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, நசுக்கிய ஆண், பன்னிரண்டு, பதின்மூன்று, சாரதாமணியைச் சொன்ன வார்த்தை.

“விட்டுரேன் பானு. ஒரு பூச்சி. யாருக்குத் தெரியப்போவுது?”

“நான் பாத்தேங்க. இந்த உலகத்துல யாரும் பாக்காத ஒண்ண நான் பாத்தேன். அதைச் சரியாச் சொல்லிட்டா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என்னால சொல்ல முடியலியே!” தலையில் அடித்துக்கொண்டாள். பாரூக் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். 

சற்றுநேரம் கழித்து நசீம் எழுந்து புளி டப்பாவிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். “தரையில வரிசையா வைங்க. எத்தனைன்னு சொல்லாதீங்க.”

வைத்தான். அவள் குனிந்து பார்த்து எண்ணினாள். “பதினொண்ணு.” பிறகு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒன்பது இருந்தன. மறுபடி வைக்கச் சொன்னாள். கண்ணுக்கு ஏழு, கைக்கு எட்டு. வரிசையின் நடுவில் எங்கோ ஒன்று இரண்டாகியது, எங்கோ ஒன்று விழுந்துபோனது. ஆனால் எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண் போவது தெரியும். அது பொய் சொல்வது தெரியாது. பதின்மூன்று என்று எண்ணியது எப்போது? எழுத்துகள் வளையத் தொடங்கியதற்கு முன்பா, பின்பா? அவளால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாரூக் அவளை சைக்கிளில் வைத்து நல்லூருக்குக் கூட்டிப்போனான். அவன் தெருமுனையில் நின்றுகொண்டான். சாரதாமணி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொன்னாள், ஆனால் குரலில் ஒன்றும் இல்லை.

“நான் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்,” என்றாள் நசீம். “அதுக்கு மட்டும் வரலை. எனக்கு வேற ஆளும் இல்லை. உங்க கண்ணுல பாக்காம அது முடியாது.”

சாரதாமணி ஈரத்துணியைக் கொடியில் விரித்துவிட்டுத் திரும்பினாள். “உங்க இடம் எனக்கு வேணுமுங்க மேடம். அது பொய் இல்லீங்க. எங்கம்மாவ வெச்சுக் காப்பாத்தோணும். ஆனா அதுக்காக ஒரு பூச்சியோட கொம்ப ஒடச்சுச் சொல்ல மாட்டேனுங்க.”

“தெரியும்.”

“இல்லீங்க, உங்களுக்குத் தெரியாது. நான் பன்னெண்டுன்னா பன்னெண்டான்னு உங்களால பாக்க முடியாது. நாளைக்கு இறக்கையில நான் ஒண்ணு சொல்லுவேன், அதையும் பாக்க முடியாது. ஒவ்வொண்ணுக்கும் இப்படிச் சண்டை வந்தா என்ன பண்றதுங்க?”

நசீமால் அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்க முடியவில்லை. பொட்டுக்கு அப்பால் ஒரு காது, ஒரு தோள், பின்னால் வெள்ளைத் துணி.

“என் படங்க எதையும் வெச்சுக்க வேண்டாம்,” என்றாள். “எல்லாத்தையும் நீங்களே முதல்லேர்ந்து வரைங்க. நீங்க பாத்ததை நீங்க பாத்தபடியே எழுதுவோம். நான் கேள்வி மட்டும் கேக்கறேன். பாத்தது நீங்கதான்னு கட்டுரையிலயே எழுதோணும். பேரும் உங்க பேரு.”

“அப்படி எழுதினா உங்க கண்ணு விஷயம் காலேஜுக்குத் தெரிஞ்சிருமுங்களே.”

“தெரியட்டும்.”

சாரதாமணி காலியான வாளியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “ரெண்டு பேரு பேரும் போடலாமுங்க,” என்றாள். “உள்ள வாங்க. காப்பி குடிக்கலாம். அவரு ஏன் வெயில்ல நிக்கறாரு, கூப்பிடுங்க.”

அதன்பின் வந்த நாட்கள் நசீமுக்குக் கொடுமையாக இருந்தன. தன் பூச்சியை இன்னொருத்தி வாயால் கேட்டு எழுத வேண்டியிருந்தது. சாரதாமணி சொல்வது மனதில் இருந்த உருவத்தோடு ஒவ்வொரு இடத்திலும் இடித்தது. இறக்கையின் நடு நரம்பு முழுசாக வளைந்து போகிறது என்று நசீம் எழுதியிருந்தாள், பாதியில் நின்றுவிடுகிறது என்றாள் சாரதாமணி. முதுகில் பள்ளம் என்றிருந்தது மேடு ஆனது. சில நாள் நசீம் பேசாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திரும்பி வந்து, “சரி, மேடு. எழுதுங்க,” என்பாள். அவள் ஒரு வருஷம் முழுக்கச் சுமந்த குளவி இப்படிப் பாகம் பாகமாகக் கழன்று போயிற்று. வந்து சேர்ந்த புதியதை அவளால் பார்க்க முடியவில்லை.

கட்டுரை கல்கத்தாவுக்குப் போகும் முன்பே அவள் பிரின்ஸிபால் ராசப்பனைப் பார்த்து ராஜினாமா கொடுத்தாள். அவர் நல்லவர்தான். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்களேன் என்றார்.

“லீவுல வர்ற கண்ணு இல்லீங்க சார்,” என்றாள்.

கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. பேரினம் பழையது. இனம் புதியது. சாரதாமணி வரைந்த இறக்கை நரம்பை நூறு இனங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அதை உறுதி செய்திருந்தார் நிபுணர். முதல் படங்கள் வந்தபோதே உணர்கொம்பு தவறாக இருப்பதைக் கவனித்ததாகவும், சொல்லலாமா என்று தயங்கியதாகவும் எழுதியிருந்தார். ஆண் கிடைத்த ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஊத்துக்குளி லத்தீன் எழுத்தில் போய் உட்கார்ந்தது. தெய்வாத்தாளிடம் சொன்னபோது, ஊர்ப் பேரை ஒரு கொட்டுற பூச்சிக்கா வைப்பார்கள் என்று அவள் கோபித்துக்கொண்டாளாம்.

அச்சான பிரதி வந்தபோது அடுத்த பருத்திக்குக் காய் வெடித்திருந்தது. சாரதாமணி, இப்போது நிரந்தர வேலையில் இருப்பவள், கல்லூரி விட்டதும் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். நசீம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தாளை வாங்கித் தடவினாள். வழவழப்பாக இருந்தது, அவ்வளவுதான். முகத்தருகே கொண்டுபோகவில்லை.

“படிங்க.”

சாரதாமணி ஆங்கிலத்தில் வாசித்தாள். நசீம் அசையாமல் கேட்டாள். பாதியில் கையை உயர்த்தினாள்.

“போதும் சாரதா. எனக்கு ஒண்ணுமே தெரியலை. எல்லாம் வெறும் வார்த்தையாப் போவுது. என் பூச்சி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது.”

வாசலில் பாரூக் துணிக் கட்டைச் சைக்கிளில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. சாரதாமணி தாளை மடியில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தமிழில், தன் பேச்சில் சொல்லத் தொடங்கினாள்.

“பெண்ணுங்க. அரிசிக் குருணை அளவு. கறுப்பு, ஆனா மினுமினுப்பு. தலை மட்டும் கொஞ்சம் மங்கல். காலு பழுப்பு...”

“எந்தப் பழுப்பு?”

சாரதாமணி யோசித்தாள். “கருப்பட்டி இருக்குதுங்களே, அத ஒடச்சா உள்பக்கம் இருக்குமே, அந்தப் பழுப்புங்க.”

“நாம அப்படி எழுதலையே.”

“பழுப்புன்னு மட்டுந்தானுங்க போட்டோம்.”

நசீம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அது பத்தாது,” என்றாள். “அடுத்தது வந்தா நெறத்தச் சரியா எழுதோணும். ம், சொல்லுங்க. காலுக்கு அப்புறம்?”